டிசம்பரில் வந்த பஸ்கா

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு சொல் கூட்டவில்லை, ஒரு சொல் குறைக்கவில்லை. சத்தியமே செய்யக் கூடாது என்று வேதத்தில் இருப்பதும் தெரியும், ஆகையால் சின்னதாக ஒன்று செய்து அதோடு நிறுத்திக்கொள்கிறேன்... இருபத்து நாலு, இருபத்து நாலா, போயும் போயும் டிசம்பர் இருபத்து நாலா என்று சென்றாயன் நினைத்துக்கொண்டிருந்தபோது பஸ் காரவள்ளியைத் தாண்டி மலையின் முதல் வளைவில் திரும்பியது, இன்னும் அறுபத்தொன்பது வளைவு, அதற்குப் பிறகு சோளக்காடு, அதற்குப் பிறகு செம்மேடு, செம்மேட்டில் பஸ் நிற்கிற இடத்தில் பாஸ்டர் யுவராஜ் குடையோடு நிற்பார், நின்று ஒரே ஒரு கேள்வி கேட்பார், இந்த வருசம் பஸ்கா என்னைக்குங்க பெரியவரே, வேதத்தில் சொன்ன அந்தப் பண்டிகைக்குச் சென்றாயன் ஒரு தேதி சொல்ல வேண்டும், சொன்னால் நாளை ஞாயிறு ஆராதனையில் அதைச் சபைக்கு அறிவித்துவிடுவார்கள், அப்புறம் மாற்ற முடியாது. எழுபத்து மூன்று வயதில் இப்படி ஒரு பரீட்சை. மடியில் நட்சத்திரம் வேறு. கிறிஸ்துமஸுக்குக் கோயில் வாசலில் கட்டுகிற சிவப்புக் காகித நட்சத்திரம், ஏழு முனை, சின்னக்கண்ணு சேந்தமங்கலத்தில் வாங்கியது. சின்னக்கண்ணு அதே சபைக்காரி, சென்றாயனின் மனைவி பாப்பாத்திக்குக் கூட்டாளி, இரண்டு கையிலும் கட்டைப் பை, எதிர்ச் சீட்டில் உட்கார்ந்ததும், “அண்ணா, இதக் கொஞ்சம் புடிச்சுக்கோங்க, வளைவுல நசுங்கிப் போயிருமுங்க” என்று நீட்டினாள். “எங்கிட்டயா குடுக்கற?” என்றார். “நட்சத்திரந்தானுங்கண்ணா, கடிக்காது.” பதினோரு வருடமாகக் கிறிஸ்துமஸே வேண்டாம் என்று நிற்கிற மனிதனின் மடியில், பஸ் முழுக்கப் பார்க்க, நட்சத்திரம். கண்டக்டர் வந்து, “பெருசு, இதுக்கு டிக்கெட் எடுத்தாச்சுங்களா?” என்று கேட்டுவிட்டுப் போனார். கீழே வைத்துவிடலாம், யார் தடுத்தது, ஆனால் முனை மடங்கினால் சின்னக்கண்ணு செம்மேடு வரைக்கும் பேசுவாள், ஊருக்குப் போயும் பேசுவாள்... மடியிலேயே இருந்தது.

பதினோரு வருடம் என்றால் சும்மா இல்லை. அன்றைக்கு இருந்தவர் வேறு பாஸ்டர், அப்பாசாமி அய்யா, நல்ல மனிதர், பொய் சொல்ல வராது, அதுதான் வினையாகப் போயிற்று. கிறிஸ்துமஸ் பிரசங்கம் நடந்துகொண்டிருக்கிறது, கோயில் என்றால் தகரக் கூரை, ஆண்கள் பக்கம் ஒரு பாய், பெண்கள் பக்கம் ஒரு பாய், சென்றாயன் எழுந்து நின்று, ஏனுங்கய்யா, இந்த இருபத்தஞ்சாந் தேதி வேதத்துல எந்த அதிகாரத்துல இருக்குதுங்க என்று கேட்டார், கேட்க வேண்டும் என்று நினைத்து எழவில்லை, கால் மரத்துப்போய் எழுந்தார், எழுந்ததற்கு ஒரு காரணம் வேண்டுமே. அப்பாசாமி அய்யா, எந்த அதிகாரத்துலயும் இல்லீங்க, பின்னால வந்த பெரியவங்க வச்சது என்றார். அப்படியானால் கர்த்தர் தன் வாயால் சொன்ன பண்டிகையெல்லாம் எங்கே, பஸ்கா, புளிப்பில்லா அப்பம், முதற்பலன், எக்காளம், கூடாரம்... அதெல்லாம் நெறைவேறிப் போச்சுங்க என்றார் அய்யா. “நெறைவேறிட்டாத் தூக்கிப் போட்டர்றதுங்களா? எனக்குக் கல்யாணம் நெறைவேறி முப்பத்தெட்டு வருசமாச்சு, பாப்பாத்திய எங்க கொண்டுபோய்ப் போடறது?” சபை சிரித்தது, குழந்தைகள்கூட சிரித்தன, சிரிப்பு அடங்குவதற்குள் வெளியே போய்விட்டால்தான் அந்தப் பேச்சுக்கு மரியாதை என்று தோன்றியது, போய்விட்டார். போகும்போது பெண்கள் பக்கம் பார்த்தார், மஞ்சள் சேலையில் பாப்பாத்தி, அவள் மட்டும் சிரிக்கவில்லை. அந்த முகத்தை அப்புறம் யோசிக்காத நாள் இல்லை, ஆனால் வெளியே போனவன் எப்படித் திரும்ப உள்ளே வருவது, அதற்கு எந்த அதிகாரத்திலும் வழி சொல்லவில்லை, மனுஷன் ஒரு தடவை கதவைத் தாண்டிவிட்டால் அவனுடைய கொள்கையும் அவனோடு தாண்டிவிடுகிறது, பிறகு அதைத் தோளில் தூக்கிக்கொண்டே அலைய வேண்டியதுதான்... ஒன்பதா, பத்தா, இந்த வளைவு.

தூக்கிக்கொண்டு அலைந்தார், யாரும் குறை சொல்ல முடியாது. அந்த வருடமே ஊருக்கு வந்த ஓர் ஊழியக்காரர், பஸ்கா என்பது ஏப்ரல் பௌர்ணமி என்று நாள் குறித்துக் கொடுத்துவிட்டுப் போனார், போனவர் திரும்பி வரவில்லை, அங்கிருந்து பன்னிரண்டு பௌர்ணமிக்கு ஒரு பஸ்கா. இஸ்ரவேலர் எகிப்தை விட்டுப் புறப்பட்ட நாளின் நினைவு, ஆகவே இடுப்பைக் கட்டிக்கொண்டு, செருப்புப் போட்டுக்கொண்டு, கையில் தடியோடு அவசரமாகச் சாப்பிட வேண்டும், சென்றாயன் தன் வீட்டுக்குள்ளேயே அப்படி நின்று சாப்பிட்டார், பாப்பாத்தி அடுப்பிலிருந்து திரும்பிப் பார்த்து, எங்க கெளம்பறாப்பல, பஸ்ஸு ஆறு மணிக்கே போயிருச்சே என்றாள். பஸ்காவுக்கு அடிக்கிற ஓர் ஆட்டுக்குட்டிக்கு ஒரு வீடு போதாவிட்டால் பக்கத்து வீட்டைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறது, பக்கத்து வீடு வரவில்லை, ஆகவே சேவல். பாப்பாத்தி சமைத்துப் போடுவாள், உட்கார மாட்டாள், நீங்க என்னோட கோயிலுக்கு வரல, நான் உங்களோட உக்காரல, சரிக்குச் சரி. புளித்ததெல்லாம் ஏழு நாள் வீட்டில் இருக்கக் கூடாது என்று இட்லி மாவு, மோர், பழைய சோறு எல்லாவற்றையும் வெளியே கொட்டினார், அந்த மாவைக் கலைமணி வீட்டு மாடு குடித்துவிட்டு மறுநாள் காலையில் ஒன்றரை மடங்காகி நின்றது, கொட்டகை வாசலை இடித்துத்தான் அதை வெளியே கொண்டுவர முடிந்தது, கேட்டுப் பாருங்கள், வாசல் இன்னும் அகலமாகத்தான் இருக்கிறது. எக்காளப் பண்டிகைக்கு ஆட்டுக்கடாக் கொம்பு கிடைக்காமல் பழைய லாரியின் ரப்பர் ஹாரனை வாங்கி வந்து ஊதினார், அரியூர் நாட்டுக் காட்டுப்பன்றியெல்லாம் அன்று புறப்பட்டுப் புளியஞ்சோலையில் போய்த்தான் நின்றன, அங்கேயிருந்து மூன்று பேர் வந்து ஹாரனைப் பார்த்துவிட்டுப் போனார்கள். இதெல்லாம் கஷ்டம் இல்லை. கதிர்தான் கஷ்டம். அந்த வாரத்தில் புதுக் கதிர்க்கட்டு ஒன்றைக் கர்த்தருக்கு முன்னால் அசைவாட்ட வேண்டும், ஏப்ரலில் மலையில் ஏது கதிர், முதல் வருடம் ஒரு பலாப்பழத்தைத் தூக்கி அசைவாட்டினார், இருபது கிலோ, இடது தோள் இறங்கினது இறங்கினதுதான். பஸ்கா வருடத்துக்குப் பத்துப் பதினோரு நாள் பின்னால் நகர்ந்து மார்ச்சுக்கு வந்தது, மிளகுக் கொத்தை ஆட்டினார், இன்னும் நகர்ந்து பிப்ரவரிக்கு வந்தது, குச்சிக்கிழங்கைத் தண்டோடு ஆட்டினார், போன தடவை ஜனவரி முதல் வாரம், சாமையை அறுத்து அடித்துவிட்டார்கள், வெறும் வைக்கோல் தாளை ஆட்டினார். தானியம் இல்லாத தாள், தனியாள், கேட்பாரில்லை. கை ஓய்ந்து நின்றபோது ஒரு கணம், இதெல்லாம் வீணோ என்று... வேண்டாம், அதை நினைக்க வேண்டாம்.

நகருகிறதே, இது சரிதானா என்று கேட்க ஆள் ஒருத்தர்தான் இருந்தார், சேந்தமங்கலத்தில் மிளகு வாங்குகிற அபுதாஹிர் பாய். அவர்களுக்கும் மாதம் பிறையில்தானே. அபுதாஹிருக்கு இதில் எந்த ஆச்சரியமும் இல்லை, “நகரத்தானுங்க செய்யும். எங்க நோம்பு நான் சின்னப்பையனா இருக்கறப்ப மழையில வந்துச்சு, அப்பறம் வெயில்ல வந்துச்சு, நாக்கு வறண்டு போயிரும். நம்ம சௌகரியத்துக்கு நிக்கறதுக்கு அது என்ன பஸ்ஸுங்களா?” என்றார், சென்றாயனுக்கு அன்றிலிருந்து நிம்மதி, நகருகிற நாள்தான் மெய்யான நாள், ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கிற நாளை மனிதன்தான் ஆணியடித்து வைத்திருக்கிறான் என்று ஊரெல்லாம் சொன்னார். இரண்டு மாதமாக மலையில் மழையும் மூடாப்பும், நிலாவே தெரியவில்லை, எண்ணிக்கையில் சந்தேகம், அதனால்தான் இன்று காலை பாயைப் பார்க்க இறங்கியது. அபுதாஹிர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு காலண்டரைப் புரட்டி, விரல் வைத்து, “இருபத்து நாலுங்கண்ணா, நெறஞ்ச நெலா” என்றார், பிறகு கொஞ்சம் தயங்கி, “அன்னைக்குத்தானே உங்காளுங்க பண்டிகை தொடங்கறது?” என்றார். சிரிக்கவில்லை, அவர் பெரிய மனிதர், டீ சொன்னார். அந்த டீயில் சர்க்கரை இருந்ததா இல்லையா என்றுகூடத் தெரியவில்லை.

யோசித்துப் பார்த்தால் ஒரு மாதத்துக்கு முன் பாஸ்டர் யுவராஜ் அந்த வார்த்தையைச் சொல்லாமல் இருந்திருந்தால் இதில் ஒன்றும் இல்லை, இருபத்து நாலாம் தேதி சாயங்காலம் தடியை ஊன்றிக்கொண்டு ஒற்றை ஆளாகச் சேவலைத் தின்றுவிட்டுப் போயிருக்கலாம். பாஸ்டர் வீட்டுக்கே வந்தார், ராசிபுரத்துப் பையன், முப்பது வயது இருக்கும், பெரியவரே, ஒரே ஒரு தடவ, சபையில இருக்கற பதிமூணு குடும்பமும் வந்து உங்களோட நின்னு புளிப்பில்லாத ரொட்டி திங்கறோம், ஒரே நிபந்தனை, நாளு நீங்க வச்சதா இருக்கக் கூடாது, வேதம் வச்சதா இருக்கோணும் என்றார். பதிமூன்று குடும்பம். பதினோரு வருடத்தில் ஒரு நாய்கூட வந்து நின்றதில்லை. அன்றைக்குச் சென்றாயன் மூக்கைச் சிந்துகிற சாக்கில் வெளியே போய்ப் பலாமரத்துக்குப் பின்னால் கொஞ்ச நேரம் நின்றார், இதை யாரிடமும் சொல்லவில்லை. இப்போது இருபத்து நாலு என்றால் என்ன ஆகும், சபையே சிரிக்கும், கெழவன் பதினோரு வருசம் சுத்தி வந்து கிறிஸ்துமஸ்லயே உளுந்தாரு என்று சிரிக்கும், ஒருத்தரும் வரவும் மாட்டார்கள், ஏனென்றால் அன்றைக்கு அவர்கள் ஏற்கெனவே கோயிலில்தானே இருப்பார்கள். வேறு தேதி சொன்னால்? இருபது என்று சொன்னால் யார் நிலாவை எட்டிப் பார்க்கப் போகிறார்கள், இந்த மூடாப்பில்? முப்பதாவது வளைவில் அந்த யோசனை நன்றாக இருந்தது, முப்பத்தொன்றாவது வளைவில் அதுவே திரும்பி நின்று கேட்டது... நாமே ஒரு நாளை வைத்துக்கொள்வதுதான் தப்பு என்று வெளியே வந்தவன், நாமே ஒரு நாளை வைப்பதா?

வேதத்தில் ஒரு சந்து இருக்கிறது, அதுவும் அவருக்குத் தெரியும். பிணத்தைத் தொட்டுத் தீட்டானவனும் தூரப் பயணம் போனவனும் அடுத்த மாதப் பௌர்ணமியில் பஸ்காவை வைத்துக்கொள்ளலாம். தூரப் பயணமா, சேந்தமங்கலம் தூரமா, எழுபது வளைவை நீட்டிப் போட்டால் தூரம்தான், ஆனால் இன்றைக்கே திரும்பிவிட்டானே பாவி. பிணம் என்றால், இருபத்து நாலுக்குள் ஊரில் யாராவது போனால்தான் உண்டு, அர்த்தனாரிக்குத் தொண்ணூறு ஆகிறது, போன வாரம்கூட இருமிக்கொண்டுதான் இருந்தார், ஆனால் அர்த்தனாரி முப்பது வருடமாக இருமிக்கொண்டிருக்கிறார், அந்த இருமலில் அவருடைய இரண்டு வைத்தியர்கள் செத்தார்கள். சீ, பண்டிகை கொண்டாட ஒருத்தன் சாவைக் கேட்கிற அளவுக்கு... மடியில் நட்சத்திரம் காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டது, அதைக் கையால் அமுக்கிப் பிடித்தார். சின்னக்கண்ணு திரும்பி, “என்னங்கண்ணா, மூஞ்சி வெளுத்துக் கெடக்குது, வாந்தி வருதுங்களா? வந்தா சன்னல் பக்கம் திரும்பிக்கோங்க, நட்சத்திரத்து மேல எடுத்துராதீங்க” என்றாள். இல்லை என்று தலையாட்டினார். முடிவு செய்துவிட்டார், ஐம்பதாவது வளைவுக்கு முன்னாலேயே. இருபத்து நாலு என்றால் இருபத்து நாலு. சிரிக்கட்டும். நிலா அங்கே போய் நின்றால் நாமும் அங்கே போய் நிற்க வேண்டியதுதான், நிலாவைப் பிடித்து இழுக்கவா முடியும், சிரிப்புக்குப் பயந்து ஒரு நாள் தள்ளி வைத்தால் பிறகு பதினோரு வருடமும் பொய், இறங்கின தோளும் பொய். எவன் வந்தாலும் வராவிட்டாலும் தடி, செருப்பு, சேவல்.

எழுபதாவது வளைவு முடிந்து குளிர்காற்று முகத்தில் அடித்தது, மூடுபனி ஒரு பக்கம் விலகியது, சரிவில் சாமைக்காடு. ஆடியில் மழை தள்ளிப்போய், எல்லாரும் ஆவணியில் தெளித்த சாமை, இந்த வருடம் யாரும் இன்னும் அறுக்கவில்லை, கதிர் முற்றித் தலை சாய்ந்து, ஈரத்தில் வெண்மையும் பழுப்புமாகச் சரிவு முழுக்க ஒரே பக்கமாகக் கவிழ்ந்து கிடந்தது. பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார், பஸ் திரும்பியதும் எதிர்ச் சன்னலுக்கு எட்டிப் பார்த்தார். கதிர். இருபத்து நாலாம் தேதி அவர் காட்டிலும் இதே கதிர்தான் நிற்கும். பலாப்பழம் வேண்டாம், மிளகுக் கொத்து வேண்டாம், ஒரு கட்டு அறுத்து இரண்டு கையிலும் ஏந்தி... பதினோரு வருடத்தில் முதல் தடவை, வேதத்தில் எப்படி இருக்கிறதோ அப்படியே. நாளே தப்பாக இருந்தால் கதிர் எப்படி வந்து நிற்கிறது? அல்லது நாள் தப்பாக இருப்பதால்தான் கதிர் நிற்கிறதா? இதை யாரிடம் கேட்பது, அபுதாஹிரிடம் சாமைக்காடு கிடையாதே.

செம்மேட்டில் பாஸ்டர் யுவராஜ் குடையோடு நின்றார், சென்றாயன் நட்சத்திரத்தைப் பிடித்துக்கொண்டு இறங்குவதைப் பார்த்துப் புருவம் மேலே போயிற்று, ஆனால் ஒன்றும் கேட்கவில்லை, வளர்ப்பு நல்லது. “இருபத்து நாலுங்க. பொழுது எறங்குனதும்” என்றார் சென்றாயன், கேட்பதற்கு முன்பே. பாஸ்டர் குடையை மடக்கினார், திரும்ப விரித்தார். “பஸ்கா ஏப்ரல்லதானுங்க வரோணும் பெரியவரே,” என்றார் மெதுவாக, “யூதருங்க ரெண்டு மூணு வருசத்துக்கு ஒருக்கா ஒரு மாசத்தக் கூடச் சேத்துக்குவாங்க, பதிமூணாவது மாசம், அதனால அவங்களுக்கு அது நகராதுங்க. நேத்துத்தான் போன்ல பாத்தேன்.” பதிமூன்றாவது மாதம். அப்படியானால் பதினோரு பஸ்காவும்... ஆனாலும் வாய் பழக்கத்தில் கேட்டுவிட்டது, “அந்த மாசம் எந்த அதிகாரத்துல இருக்குதுங்க?” இந்தப் பாஸ்டருக்கும் பொய் சொல்ல வராது போலிருக்கிறது. “அதிகாரத்துல இல்லீங்க. பின்னால வந்த பெரியவங்க...” என்று நிறுத்திக்கொண்டார். மழை விழுந்தது, குடையை அவர் தலைக்கும் சேர்த்துப் பிடித்தார். “கதிர் முத்தற மாசம்னுதானுங்க வேதத்துல இருக்குது,” என்றார் சென்றாயன், “எங்க காட்டுல இப்பத்தான் முத்தியிருக்குது.” பாஸ்டர் தலையாட்டினார், ஒத்துக்கொண்ட மாதிரியும் இருந்தது, மழைக்கு ஆட்டின மாதிரியும் இருந்தது, “அப்ப இருபத்து நாலு, சாயங்காலம், கோயில்லயே வச்சுக்கலாங்க, எல்லாரும் அங்கதான் இருப்பாங்க. நாளைக்குச் சொல்லிர்றேன்” என்றார். சின்னக்கண்ணுவுக்கு வாயெல்லாம் பல். “கடைசில எங்க கிறிஸ்துமஸுக்கு வாரீங்கன்னு சொல்லுங்கண்ணா.” “நான் எங்கயும் வரல. நீங்கதான் பஸ்காவுக்கு வாரீங்க.” “அப்ப கேக்கு?” “சோடா உப்பு, ஈஸ்ட்டு ஒண்ணும் போடாம சுட்டுக்கோங்க.” “அதுக்குப் பேரு கேக்கு இல்லீங்கண்ணா, செங்கல்லு.” நட்சத்திரத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டாள், ஒரு முனைகூட மடங்கவில்லை.

ஊருக்குள் நடந்தார். பதிமூன்று குடும்பம், வந்தாலும் வருவார்கள். பாப்பாத்தியிடம் சொல்ல வேண்டும், இருபத்து நாலு சாயங்காலம் நானும் அங்கேதான் இருப்பேன் என்று சொல்ல வேண்டும், எப்படித் தொடங்குவது, கொஞ்சம் சத்தமாகத் தொடங்கினால் தோற்ற மாதிரி இருக்காது. பஸ்கா என்னைக்கு என்று அவள் கேட்டால் சுலபம், பதில் சொல்கிற மாதிரிச் சொல்லிவிடலாம்... கேட்பாளா? நடை நின்றது. ஊரில் எல்லாரும் கேட்டிருக்கிறார்கள், கேலிக்காவது வருடா வருடம் கேட்டிருக்கிறார்கள், இந்த வருசம் எந்த மாசத்துல வருதுங்க உங்க பண்டிகை என்று. பாப்பாத்தி ஒரு வருடம்கூடக் கேட்டதில்லை. கேட்காமலே அந்தந்தச் சாயங்காலம் மாவுச் சட்டி கழுவிக் கவிழ்த்திருக்கும், சேவல் கூடையில் இருக்கும். இத்தனை வருடத்தில் இது ஏன் தோன்றவில்லை? அவளுக்கு எப்படித் தெரியும், தெரிந்தது எவ்வளவு, எதுவரைக்கும் தெரியும்... மழை தூறியது, வீட்டில் விளக்கு எரிந்தது, சென்றாயன் நடந்தார்.

சென்றாயனுக்கு எழுதப் படிக்கத் தெரியாது; இந்தப் பதினோரு வருடமும் வேதத்தில் அதிகாரம் தேடி எடுத்து அவருக்கு வாசித்துச் சொன்னவள் பாப்பாத்தி.